சிறை சென்ற சிநேகிதர்

மாணவர் கிளர்ச்சி என்றவுடன் என் தலைமுறைத் தமிழர்களின் நெஞ்சில் முதலில் எழுவது 1965-ஆம் ஆண்டின் தை மாதந்தான். ஹிந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துக் கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்ததையும், துப்பாக்கிப் பிரயோகத்தையும், இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தேர்தலில் தமிழ்நாட்டின் காங்கிரஸ் ஆட்சியே கவிழ்ந்ததையும் பள்ளிப் பருவத்தில் கண்ட ஒருவன், மாணவர் அரசியல் என்பது மொழிப்பற்றிலும் திராவிட இயக்கத்தின் மேடைகளிலுமே பிறக்கக்கூடியது என்று எண்ணி வளர்ந்தால் அதில் வியப்பில்லை. அவ்வாறு வளர்ந்த நான், 1972-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தஞ்சை ஜில்லாவிலிருந்து சரித்திரம் படிப்பதற்காக டில்லி சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதே இளமைத் துடிப்பும் அதே தியாக சிந்தையும், ஹிந்தியையும் ஹிந்து சமூகத்தின் ஒற்றுமையையும் பாரத தேசத்தின் பழம்பெருமையையும் இலட்சியமாகக் கொண்டு, நான் அறிந்த திசைக்கு நேர் எதிராகப் பாய்ந்துகொண்டிருப்பதைக் கண்டேன். அகில பாரதீய வித்யார்த்தி பரிஷத் என்ற அந்த ஸ்தாபனத்தில் நான் ஒருநாளும் அங்கத்தினனாக இருந்ததில்லை. ஆயினும் அதன் ஊழியர் ஒருவர் என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரோடு உண்டேன், வாதாடினேன், அவர் சிறை சென்றபோது அவருடைய தாயாரோடு நீதிமன்ற வாசலில் நின்றேன். அந்தச் சிநேகத்தின் வழியாகவே அந்த இயக்கத்தை நான் அறிந்தேன்.

அந்த இயக்கம் டில்லியில் வேரூன்றிய காரணத்தை அறியப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். சர்வகலாசாலையிலிருந்து வடக்கே சற்றுத் தூரம் நடந்து கிங்ஸ்வே கேம்ப் வரையில் போனால் போதும். 1947-இல் தேசம் துண்டாடப்பட்டபோது, மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடு வாசலை விட்டு ஓடிவந்த ஜனங்களுக்கு அமைத்த முகாம்களுள் அது மிகப் பெரியது. பட்டேல் நகர், ராஜேந்திர நகர், லாஜ்பத் நகர் என்று பின்னால் தலைவர்களின் பெயரால் எழுந்த குடியிருப்புகளெல்லாம் அவ்வாறு வந்தவர்களின் புனர்வாழ்வுக்காக உண்டானவையே. என் சிநேகிதருடைய தகப்பனார் லாயல்பூரில் துணிக்கடை வைத்திருந்தவர்; வரும் வழியில் ஒரு தம்பியையும் ஒரு தமக்கையையும் பறிகொடுத்தவர்; முகாமில் ஒரு தட்டியடியில் பனியன் விற்று மறுபடியும் தலையெடுத்தவர். அந்தக் கொடிய நாட்களில் கூடாரத்துக்கு ரொட்டியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ராஷ்ட்ரீய ஸ்வயம்சேவக் சங்கத்தின் தொண்டர்கள் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. 1951-இல் சியாமா பிரசாத் முகர்ஜி டில்லியில் ஜன சங்கத்தை ஸ்தாபித்தபோது அதற்கு வாக்களித்தவர்களும், 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் டில்லியின் ஏழு பாராளுமன்ற ஸ்தானங்களில் ஆறை அந்தக் கட்சிக்கு அளித்தவர்களும், பெரும்பகுதி இத்தகைய குடும்பத்தினரே. துவேஷம் ஒன்றே அந்த அரசியலுக்கு மூலம் என்று தூரத்திலிருந்து சொல்வோர், அந்த வீடுகளின் துக்கத்தை ஒருநாளாவது அருகிருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் சேர்ந்த கல்லூரியின் வாயிலில், சேர்க்கை நடக்கும் நாட்களில், ஒரு சிறு ஷாமியானாவின் கீழ் மேஜையும் பெஞ்சியும் போட்டுப் பரிஷத்தின் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, எந்தச் சான்றிதழுக்கு யார் கையொப்பம் வேண்டும், விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் கமலா நகரில் எந்தச் சந்தில் அறை கிடைக்கும், யூ-ஸ்பெஷல் பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பன போன்ற, புதிதாக வந்தவனுக்கு உயிர்நிலையான செய்திகளையெல்லாம், அவன் எந்த ஊர், என்ன கட்சி என்று கேளாமலே அவர்கள் சொல்லுவார்கள். ஹிந்தியில் நாலு வார்த்தைகூடச் சேர்த்துப் பேசத் தெரியாத என்னை, அந்த மேஜையிலிருந்து எழுந்து வந்து, அலுவலகம் அலுவலகமாக அழைத்துச் சென்று, மாலையில் தம் வீட்டில் ராஜ்மாவும் சோறும் போட்டு அனுப்பியவர்தான் பின்னாளில் என் சிநேகிதரானார். சித்தாந்தம் எதுவும் அன்று பேசப்படவில்லை. பல மாதங்கள் வரையிலும் பேசப்படவில்லை. அந்த இயக்கத்தின் பலம் முழுவதும் இதிலேதான் இருந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்: இடதுசாரி மாணவர்கள் துண்டுப் பிரசுரத்தோடு வந்தார்கள், பரிஷத்தின் மாணவர்கள் ஒத்தாசையோடு வந்தார்கள். பெருநகரத்தில் தனியே வந்து நிற்கும் பதினேழு வயதுப் பையனுக்கு இரண்டில் எது முதலில் வேண்டும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்த முறையை வகுத்தவர் பம்பாயில் கல்லூரி ஆசிரியராக இருந்த யஷ்வந்த்ராவ் கேல்கர். காந்தியடிகளின் கொலைக்குப் பின் 1948 பிப்ரவரியில் சங்கம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், அதன் தொண்டர்கள் மாணவரிடையே வேலை செய்வதற்கு ஒரு வழி தேடியதிலிருந்து பரிஷத் முளைத்தது. 1949 ஜூலை 9-ஆந் தேதி பதிவாயிற்று. ஆரம்பத்தில் தேசத்துக்குப் பாரதம் என்றே பெயரிட வேண்டும், ஹிந்தியே ஆட்சிமொழியாக வேண்டும், வந்தே மாதரத்துக்குத் தேசிய கீத ஸ்தானம் வேண்டும் என்ற கோரிக்கைகளோடு நடந்த அது, ஐம்பதுகளின் இறுதியில் கேல்கர் பொறுப்பேற்ற பிறகே நிதானமான, நீடித்த ஸ்தாபனமாக உருப்பெற்றது. ஆசிரியரும் மாணவரும் ஒரே குடும்பம் என்பது அவருடைய கொள்கை. ஆகையால் அதன் தலைவர் எப்பொழுதும் ஓர் ஆசிரியராகவே இருப்பார். காரியதரிசிப் பொறுப்பு இளைஞரிடம் இருக்கும். இடதுசாரி மாணவர் சங்கங்களில் இந்த ஏற்பாடு கிடையாது. ஞானம், சீலம், ஒற்றுமை என்ற மூன்றையும் முத்திரையாகக் கொண்டிருந்தார்கள். 1966 முதல் வடகிழக்கு எல்லைப் பிரதேசங்களின் மாணவர்களை அழைத்து வந்து மற்ற மாகாணங்களில் இருக்கும் குடும்பங்களோடு தங்கவைத்து அனுப்பும் ஒரு திட்டத்தையும் நடத்திவந்தார்கள். என் சிநேகிதர் வீட்டிலும் நாகா இளைஞர் ஒருவர் ஒரு குளிர்காலத்தில் தங்கினார். அவருக்கும் எனக்கும் ஹிந்தி ஒரே அளவில்தான் வந்தது என்பதால் நாங்கள் இருவரும் அந்த வீட்டில் ஆங்கிலத்தில் உறவாடினோம்.

ஹிந்தியைப் பற்றி எனக்கும் என் சிநேகிதருக்கும் நடந்த வாதங்கள் அநேகம். மாரிஸ் நகர்ச் சாலையில் நடந்துகொண்டே, ஒரு தேசத்துக்கு ஒரு பொதுமொழி இருந்தால் உனக்கு என்ன நஷ்டம் என்று அவர் கேட்பார். என் ஊர்க்காரர்கள் அதற்காக ஏன் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை நான் சொல்லுவேன். இரண்டாயிரம் ஆண்டுகளாக இலக்கியம் உடைய ஒரு பாஷையைப் பேசுகிறவனிடம், உன் பாஷை வீட்டுக்கு, என் பாஷை ராஜாங்கத்துக்கு என்று சொல்வது ஒற்றுமைக்கு வழியல்ல என்று வாதிப்பேன். அவர் கடைசிவரை இணங்கவில்லை. ஆனால் தம் இயக்கத்தின் கூட்டங்களில் தமிழ்நாட்டைத் தேசத்துரோகிகளின் பூமி என்று எவராவது பேசினால், எழுந்து நின்று மறுத்துப் பேசுமளவுக்கு வந்தார். அதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

ஒரு குளிர்காலத்து விடியற்காலையில், என் வேண்டுகோளின் பேரில், அவர் என்னைச் சங்கத்தின் அன்றாடப் பயிற்சிக் கூட்டமான ஷாகாவுக்கு அழைத்துச் சென்றார். மூடுபனிக்குள் காக்கி நிக்கர் அணிந்த சிறுவர்களும் இளைஞர்களும் வரிசையாக நின்றதும், காவிக் கொடியைத் தங்கள் குருவாக வணங்கியதும், தடிப் பயிற்சிக்குப் பின் கபடி ஆடியதும், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சிவாஜியின் கதையை மூச்சுவிடாமல் சொன்னதும் நினைவில் இருக்கின்றன. பள்ளிச் சிறுவர்களை அத்தனை அன்போடும் ஒழுங்கோடும் நடத்திய வேறு அரசியல் இயக்கத்தை நான் கண்டதில்லை. பரிஷத்தின் ஊழியர்களிற் பலர் அந்த மைதானங்களில் ஏழெட்டு வயதிலிருந்தே வளர்ந்தவர்கள். கல்லூரிக்கு வரும்போதே அவர்களுடைய விசுவாசம் கெட்டியாகிவிட்டிருக்கும். 1973 ஜூன் 5-ஆந் தேதி சங்கத்தின் தலைவர் கோல்வால்கர் காலமானபோது என் சிநேகிதர் அன்று முழுவதும் அன்னம் தொடவில்லை. காசி ஹிந்து சர்வகலாசாலையில் விலங்கியல் கற்பித்தவர், அதற்கு முன் உங்கள் சென்னையில்தான் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தார் என்று, என்னையும் அந்தத் துக்கத்தில் ஒரு பங்காளியாக்குவதுபோலச் சொன்னார்.

அந்த அன்புக்கு ஒரு வேலி இருந்தது. அதை எங்கள் விடுதியில் இருந்த முஸ்லிம் மாணவர் ஒருவரின் மூலமாகவே நான் தெரிந்துகொண்டேன். பிஹாரின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர்; மிகவும் சாது; கணக்கில் சமர்த்தர். என் சிநேகிதர் அவரோடு மரியாதையாகப் பேசுவார், புத்தகம் கொடுப்பார், பரீட்சைக் காலத்தில் கணக்குக் கற்றுக்கொள்வார். ஆனால் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைக்கப்படுவோரில் அவர் இருக்கமாட்டார். பரிஷத்தின் கூட்டங்களில் தேசத்தின் மக்கள் என்று பேசப்படும்போது அந்த மக்களில் அவர் இருக்கிறாரா என்பது தெளிவாக இராது. 1966-இல் வெளியான கோல்வால்கரின் சிந்தனைத் தொகுப்பில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கம்யூனிஸ்டுகளும் தேசத்தின் உள்நாட்டு அபாயங்கள் என்று தனி அத்தியாயத்தில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். அதை நான் என் சிநேகிதரிடம் எடுத்துக்காட்டி, நம் விடுதிக்காரர் எந்த வகையில் தேசத்துக்கு அபாயம் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்து, தனிமனிதரைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். தனிமனிதரை விலக்கிவிட்டுச் சமூகத்தை மாத்திரம் குற்றக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதே அன்றும் இன்றும் என் பதில். அந்த ஏழைக் கணக்கு மாணவர் இரண்டாம் ஆண்டின் முடிவில் அலிகட்டுக்கு மாறிப் போய்விட்டார்.

இதற்குள் தேசம் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. 1973-இன் கடைசியில் அகமதாபாதில் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் உயர்ந்ததை எதிர்த்து மாணவர்கள் மூட்டிய தீ, நவநிர்மாண இயக்கமாக குஜராத் முழுவதும் பரவி, 1974 பிப்ரவரியில் முதல்மந்திரி சிமன்பாய் பட்டேலைப் பதவி விலகச் செய்தது. மொரார்ஜி தேசாயின் உண்ணாவிரதத்துக்குப் பின் மார்ச்சில் சட்டசபையே கலைந்தது. அடுத்தது பிஹார். பாட்னா சர்வகலாசாலையில் கூடிய மாணவர்கள் அமைத்த போராட்டக் குழுவில், பிற்காலத்தில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற லாலு பிரசாத் யாதவும் பரிஷத்தின் சுஷீல் குமார் மோடியும் ஒன்றாக வேலை செய்தார்கள். மார்ச் 18-ஆந் தேதி பாட்னாவில் சட்டசபை முற்றுகை இரத்தக்களரியாக முடிந்த பிறகு, மாணவர்கள் ஜே.பி. என்னும் ஜெயப்பிரகாஷ் நாராயணிடம் போய்த் தலைமை ஏற்கும்படி வேண்டினார்கள். ஜூன் 5-ஆந் தேதி காந்தி மைதானத்தில் அவர் சம்பூர்ண கிராந்தியை, அதாவது முழுப் புரட்சியை, அறிவித்தார். என் சிநேகிதர் அந்தக் கூட்டத்துக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தவர். காந்தியடிகளின் சீடரும் சோஷலிஸ்டுமான அந்தக் கிழவரின் பின்னால் சங்கத்தின் பிள்ளைகள் அணிவகுத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் சிநேகிதருக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஊழலை எதிர்ப்பதற்கு யாரோடும் சேரலாம் என்றார், ஜே.பி.யின் பேச்சை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து எனக்குப் படித்துக் காட்டினார். அந்த ஓராண்டில் அவரிடம் நான் கண்ட மலர்ச்சியை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

டில்லியில் 1974-இல் சர்வகலாசாலை மாணவர் சங்கத்தின் தலைவராகப் பரிஷத்தின் அருண் ஜேட்லி தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு ஜூன் 25-ஆந் தேதி ராம்லீலா மைதானத்தில் ஜே.பி. பேசிய அன்று இரவே அவசரநிலை பிரகடனமாயிற்று; பகதூர் ஷா ஜாபர் சாலையிலிருந்த பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. விடுமுறைக் காலமாதலால் வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த நிலையிலும் மறுநாள் ஜேட்லியும் தோழர்களும் வளாகத்தில் கூடிப் பிரதம மந்திரி இந்திரா காந்தியின் கொடும்பாவியைக் கொளுத்திக் கைதானார்கள். பத்தொன்பது மாதம் ஜேட்லி சிறையில் இருந்தார். ஜூலை 4-ஆந் தேதி சங்கத்தோடு ஜமாஅத்தே இஸ்லாமி, ஆனந்த மார்க்கம், நக்ஸலைட் குழுக்கள் முதலியனவும் தடை செய்யப்பட்டன. இந்திய கம்யூனிஸ்டுக் கட்சி அவசரநிலையை ஆதரித்தது. மார்க்ஸிஸ்டுகள் எதிர்த்தார்கள், சிறையும் சென்றார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைச் சரியாக நினைவில் வைத்திருப்பது சரித்திரம் படித்தவனின் கடமை.

என் சிநேகிதர் தலைமறைவானார். குர்த்தா போய் பேன்ட்டும் சட்டையும் வந்தன, மீசை வந்தது, பெயரும் மாறியது. இரவில் எங்காவது ஒரு வீட்டில் ஸைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சுற்றி, தணிக்கையில் வெட்டுண்ட செய்திகளைத் தாளில் எடுத்து, விடியுமுன் வாசல்களில் செருகிவிட்டு மறைவது அவர்களுடைய வேலை. அந்தத் தாள்களின் கட்டு ஒன்று என் டிரங்குப் பெட்டியில், என் வேட்டிகளின் அடியில், சில வாரங்கள் இருந்தது. பயம் இல்லாமலில்லை. நவம்பர் 14-ஆந் தேதி எதிர்க்கட்சிகளின் கூட்டமைப்பான லோக் சங்கர்ஷ சமிதியின் சத்தியாக்கிரகம் துவங்கியபின், டிசம்பர் மாதத்தில் ஒருநாள், அவர் கூட்டம் நிறைந்த ஒரு கடைவீதியில் நான்கு தோழர்களோடு தோன்றி, சர்வாதிகாரம் ஒழிக என்று முழங்கி, போலீஸார் வரும்வரையில் அங்கேயே நின்று கைதானார். தீஸ் ஹஜாரி நீதிமன்றத்தின் வராந்தாவில் அவருடைய தாயார், பொட்டலத்தில் பராத்தாவும் ஒரு கம்பளிச் சட்டையும் வைத்துக்கொண்டு என்னோடு நின்றார். போலீஸ் வண்டியிலிருந்து விலங்கோடு இறங்கிய மகனைக் கண்டதும் அந்த அம்மாள் அழவில்லை. லாயல்பூரிலிருந்து வந்தபோது அவ்வளவையும் அழுது தீர்த்துவிட்டேன் பேட்டா என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

திஹார் சிறையின் விசாலமான கொட்டடிகளில் சங்கத்தாரும் சோஷலிஸ்டுகளும் அகாலிகளும் ஜமாஅத்தே இஸ்லாமிக்காரர்களும் ஒன்றாகவே அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே ஜமாஅத்தின் முதியவர் ஒருவர் என் சிநேகிதருக்கு உருது எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். இதன் மதிப்பு அந்தக் குடும்பத்தை அறிந்தவர்களுக்கே விளங்கும். லாஹூரிலிருந்து டில்லிக்குப் பெயர்ந்து வந்த உருது நாளிதழான மிலாப்பைத் தகப்பனார் காலைதோறும் வரிவிடாமல் படிப்பார். மகனுக்கோ அந்த எழுத்து அந்நியம், அது முஸ்லிம்களின் எழுத்து என்று கேட்டே வளர்ந்தவர். சிறையிலிருந்து மகன் உருதுவில் எழுதிய முதல் கடிதத்தைத் தகப்பனார் என்னிடம் காட்டியபோது அவர் கை நடுங்கிற்று. எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்தி வைத்திருந்தார். விடுதியில் ஒரே கூரையின் கீழ் இருந்த கணக்கு மாணவரிடம் தாண்டமுடியாத வேலியை, சிறைக் கொட்டடியில் என் சிநேகிதர் தாண்டினார். ஆட்கொணர்வு மனு செய்யும் உரிமைகூட மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் அடைபட்ட கைதிக்கு இல்லை என்று 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த முதியவரும் இவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, தனித்து மாறுபட்ட நீதிபதி எச். ஆர். கன்னாவைப் பற்றி வெகுநேரம் பேசினார்களாம்.

அந்தப் பெருமையோடு ஒரு கசப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சங்கத்தின் தலைவர் பாளாசாகேப் தேவரஸ், எரவாடா சிறையிலிருந்து 1975 ஆகஸ்டிலும் நவம்பரிலும் இந்திரா காந்திக்குக் கடிதங்கள் எழுதினார். தடையை நீக்கினால் தொண்டர்களின் சக்தியைத் தேச அபிவிருத்திக்குப் பயன்படுத்தலாம் என்ற தோரணையில் அவை இருந்தன. பிரதம மந்திரியின் தேர்தல் வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்ததற்கு இரண்டாவது கடிதத்தில் வாழ்த்தும் இருந்தது. கீழே பையன்கள் தடியடி வாங்கிக்கொண்டிருக்கையில் மேலே இவ்வாறு எழுதப்பட்டதை, என் சிநேகிதர் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் பேச விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

1977 மார்ச்சில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் டில்லியின் ஏழு ஸ்தானங்களையும், ஜன சங்கமும் பிற எதிர்க்கட்சிகளும் இணைந்த ஜனதா கட்சி வென்றது. கமலா நகரில் ஜிலேபி வழங்கினார்கள்; சிநேகிதரைத் தோளில் தூக்கிவந்தார்கள். மறு ஆண்டு நான் டில்லியில் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியராக அமர்ந்தேன். எங்கள் பதினோராம் வகுப்புக்கு, பண்டைய இந்தியாவைப் பற்றி ஆர். எஸ். சர்மா எழுதிய பாடநூல் வைக்கப்பட்டிருந்தது. எம்.ஏ. படித்தபோது எங்கள் துறைக்குத் தலைவராக இருந்தவர் அவர். பிஹாரின் எளிய குடியானவக் குடும்பத்திலிருந்து வந்து, சாசனங்களையும் தர்மசாஸ்திரங்களையும் பழகியே நிலவுடைமையின் கதையை எழுதியவர். 1978 ஜூலையில் அந்த நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ரொமிலா தாப்பர், பிபன் சந்திரா முதலிய சரித்திராசிரியர்களின் நூல்களை விலக்க வேண்டும் என்று கையெழுத்தில்லாத ஒரு மகஜர் புதிய பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய்க்குப் போயிருந்தது. வேத காலத்தைப் பற்றியும் புராண புருஷர்களைப் பற்றியும் ஆதாரங்கள் சொல்வதைச் சொன்னது சிலருடைய மனத்தைப் புண்படுத்திற்று என்பதே காரணம். பையன்களிடம் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாங்கி அடுக்கிய அன்று மாலை, நான் நேரே கிங்ஸ்வே கேம்ப்புக்குப் போனேன்.

குழந்தைகளின் மனத்தில் சிரத்தையைக் குலைக்கும் புத்தகம் பள்ளியில் எதற்கு என்று கேட்டார் என் சிநேகிதர். படித்தாயா என்றேன். படித்தவர்கள் சொன்னார்கள் என்றார். அப்பொழுது எனக்கு வந்த கோபம் அதற்குப்பின் வாழ்க்கையில் வந்ததில்லை. தணிக்கையில் வெட்டுண்ட செய்திகளை ஸைக்ளோஸ்டைல் எடுத்து வாசல் வாசலாகப் போட்டதற்காக விலங்கோடு நின்றவன் நீ. ராஜாங்கம் விரும்பாததைப் பிரஜை படிக்கலாம் என்பதற்காக உன் தாயார் அந்த வராந்தாவில் நின்றாள். இன்று ராஜாங்கம் உங்களுடையதானவுடன், ஒரு வாத்தியார் எழுதிய புத்தகத்தை வாசிக்காமலே பிடுங்குவது உனக்குச் சரியாகப் படுகிறதா என்று உரக்கவே கேட்டுவிட்டேன். அவருடைய தகப்பனார் மிலாப்பை மடித்து வைத்துவிட்டு, இவன் கேட்பதற்கு விடை சொல் என்று மகனிடம் சொன்னார். விடை வரவில்லை. சில மாதங்கள் எங்களுக்குள் பேச்சும் இல்லை.

பிறகு சிநேகம் சீர்ப்பட்டது. அவர் வக்கீலானார், நான் பள்ளியோடு முதுமை அடைந்தேன். 2008 பிப்ரவரி 25-ஆந் தேதி, நான் படித்த அதே சரித்திரத் துறைக்குள் பரிஷத்தின் இளைஞர்கள் புகுந்து, ஜன்னல்களையும் நாற்காலிகளையும் உடைத்து, துறைத் தலைவரான பேராசிரியரையும் தள்ளினார்கள். காரணம், பி.ஏ. மாணவர்களுக்குப் பாடமாயிருந்த ஏ. கே. ராமானுஜனின் ராமாயணக் கட்டுரை. குறுந்தொகையை உலகறிய ஆங்கிலத்தில் தந்த அந்தத் தமிழர், வால்மீகியின் அகலிகை வேறு, கம்பனின் அகலிகை வேறு, சமணருடைய ராமகதை வேறு, சயாம் தேசத்தினுடையது வேறு என்று, நூற்றுக்கணக்கான வடிவங்களில் அந்தக் கதை வாழ்வதைக் காட்டியிருக்கிறார். கம்பன் வால்மீகியிடமிருந்து எங்கெங்கே விலகுகிறான், ஏன் விலகுகிறான் என்பதை 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாள் முதலாக நம்மவர்கள் பட்டிமன்றம் வைத்துப் பேசிவருகிறார்கள். பாட்டியர்களும் குழந்தைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ராமபக்தி அதனால் இம்மியளவும் குறைந்ததில்லை. நீதிமன்றத்தின் கட்டளையால் அமைந்த நிபுணர் குழுவில் நால்வரில் மூவர் அந்தக் கட்டுரைக்குச் சாதகமாக எழுதிய பின்னும், 2011 அக்டோபரில் சர்வகலாசாலையின் கல்விப் பேரவை அதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

2008-இல் அந்தத் துறை தாக்கப்பட்ட அன்றிரவே சிநேகிதருக்குத் தொலைபேசியிருந்தேன். பேராசிரியர் மேல் கைவைத்ததைக் கேட்டுத் துடித்துப்போனார். ஆசிரியரைத் தலைவராக வைத்து நடத்திய இயக்கம் இப்படி ஆகலாமா என்றார். கட்டுரையைப் பற்றி மாத்திரம் தம் நிலையை விடவில்லை. நம்பிக்கை வேறு, ஆராய்ச்சி வேறு, இரண்டையும் பி.ஏ. வகுப்பில் கலக்கவேண்டாம் என்றார். நான் அதை ஏற்கவில்லை. ஆனால் அது ஒரு வாதம். நாற்காலியை உடைப்பது வாதமல்ல. 2017 பிப்ரவரியில் ராம்ஜஸ் கல்லூரியில் கருத்தரங்கு ஒன்று நடக்கவொட்டாமல் கைகலப்பில் முடிந்த செய்தி வந்தபோது, பேசிக்கொள்ள அவர் இல்லை. எதிர்த்தரப்பார் மட்டும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் கை ஓங்கிய கல்லூரிகளில் இடதுசாரி மாணவர்களும் பிறரை வாய்திறக்க விட்டதில்லை, கேரளத்தில் இரு தரப்பிலும் பிள்ளைகள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆயினும் பேச்சுரிமைக்காகச் சிறையிருந்த பெருமையை ஆண்டுதோறும் ஜூன் 25-ஆந் தேதி மேடைபோட்டுக் கொண்டாடுகிற இயக்கத்தை, அந்த உரிமையைக் கொண்டே அளக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவில் அது குறைந்துபோயிற்று என்பதே என் தீர்ப்பு.

திஹாரிலும் அம்பாலாவிலும் அடைபட்டுக் கிடந்து இன்று எழுபது வயதைக் கடந்த அந்தப் பழைய மாணவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. உங்கள் இயக்கத்தின் பிள்ளைகளை உட்காரவைத்து, எந்தத் தாள்களுக்காக உங்களுக்கு விலங்கிட்டார்கள், கொட்டடியில் பக்கத்தில் படுத்திருந்தவர் யார் என்பதைச் சொல்லுங்கள். நூலகத்துக்கு அழைத்துப்போய், அந்த ராமாயணக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரையில் அவர்களோடு கூட இருந்து படியுங்கள்.